பெண்கள் வெளியில் சொல்லாத ஒரு துன்பமும் அதற்கான சிகிச்சையும்

பத்திரிகையாளர்கள் தாங்கள் பிரசுரித்த விடயங்களுக்காகக் கண்டிக்கப்படுவதுண்டு. சில சந்தர்ப்பங்களில் பாராட்டப்படுவதும் உண்டு. ஆனால், பிரசுரிக்காமல் ஒதுக்கிவைத்த விடயங்களுக்காக எவரும் அவர்களிடம் கேள்வி கேட்பதில்லை. நான்கு தசாப்தங்களுக்கும் அதிகமான எனது பத்திரிகை வாழ்வில் அவ்வாறு நான் ஒதுக்கிவைத்தவற்றில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன. ஒரு கடிதம் மாத்திரம் மறக்கவில்லை.

1980களின் ஆரம்பத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வாரவெளியீட்டில் மருத்துவக் கேள்வி பதில் பகுதி ஒன்று இருந்தது. வாசகர்களிடமிருந்து வருகின்ற கடிதங்களைத் தெரிவுசெய்து வைத்தியருக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. வடமராட்சியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், பெயரைக் குறிப்பிடாமல், பாடசாலைக் கொப்பியில் கிழித்த தாளில் எழுதியிருந்தார். வயது 38. நான்கு பிள்ளைகளின் தாயார். இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் போய்விடுகிறது என்றும், உடுத்த சீலையோடு துடக்கானவள் போன்று இருப்பதாக எண்ணி நான்கு வருடங்களாகக் கோயிலுக்குப் போகவில்லை என்றும், காரணத்தைக் கணவனிடம்கூடச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில் இதற்கு மருந்து உண்டா என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை நான் வைத்தியருக்கு அனுப்பவில்லை. குடும்பத்தவர்கள் எல்லோரும் வாசிக்கின்ற பத்திரிகையில் இதையெல்லாம் போடுவதா என்று நினைத்தேன். எந்த மேலதிகாரியும் என்னைத் தடுக்கவில்லை. நானாகவே அதை மேசை லாச்சிக்குள் போட்டேன். நீரிழிவு பற்றியும் மூட்டுவாதம் பற்றியும் கேட்டிருந்த கடிதங்கள் அந்த வாரம் பிரசுரமாகின.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் பாரிஸில் வசிக்கும் எனது மருமகள். தமக்கையாரின் மகளான அவர் அண்மையில் தாயானார். பிரசவம் முடிந்து சில வாரங்களில் அவரைப் பரிசோதித்த வைத்தியர் பத்துத் தடவை விசேட பயிற்சிக்குச் செல்லுமாறு எழுதிக்கொடுத்திருந்தார். எதற்கான பயிற்சி என்று கேட்ட தாயாருக்கு மருமகள் எந்தவிதமான கூச்சமுமின்றி விளக்கியிருக்கிறார். அதைக் கேட்ட அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் முப்பத்தைந்து வருடங்களாக அந்த வருத்தம் இருப்பதாக முதல் தடவையாக வாய்திறந்து கூறியிருக்கிறார். தூரப் பயணங்களையும் கல்யாண வீடுகளையும் அவர் ஏன் தவிர்த்துவந்தார் என்பது அன்றுதான் மகளுக்குப் புரிந்தது. எனக்கும் அன்றுதான் புரிந்தது.

"மாமா, நீங்கள் இவ்வளவு காலமும் பேப்பரிலை இருந்தனீங்கள். இதைப் பற்றி ஒரு வரி எண்டாலும் எழுதினனீங்களோ?" என்று மருமகள் தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அக்காவின் சம்மதத்துடனேயே இதை எழுதுகின்றேன்.

விடயத்தை வெளிப்படையாகவே சொல்லவேண்டும். பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பகுதியில், முன்புற எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரை, ஏணை கட்டியது போன்று தசைகள் அமைந்திருக்கின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கிநிற்பவை இந்தத் தசைகளே. சிறுநீரையும் மலத்தையும் வேண்டிய நேரம்வரை அடக்கிவைப்பதற்கும் இவை உதவுகின்றன. கர்ப்பகாலத்தில் மாதக்கணக்காகப் பாரத்தைச் சுமப்பதாலும், பிரசவத்தின்போது பெரிதும் இழுபட்டுச் சில சமயங்களில் கிழிந்துபோவதாலும் ஏணை தளர்ந்துவிடுகிறது. ஆயுதத்தின் உதவியுடனான பிரசவம், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், பாரம் தூக்கும் தொழில், மாதவிடாய் நின்ற பின்னரான மாற்றங்கள் ஆகியவையும் அதற்குக் காரணமாகலாம்.

தளர்வின் விளைவுகள் பலவிதமானவை. இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிவது ஒன்று. கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்கி, ஏதோ வெளியே வருவது போன்ற பாரவுணர்வை ஏற்படுத்துவது இன்னொன்று. மலத்தையோ வாயுவையோ அடக்கமுடியாமல் போவதும் உண்டு. இதற்கு மாறாக, சில பெண்களுக்கு இந்தத் தசைகள் தளராமல் அளவுக்கு மீறி இறுகிப்போய்விடுகின்றன. தாம்பத்திய உறவின்போதும் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையின்போதும் தாங்கமுடியாத வலி ஏற்படுவதற்கு அது ஒரு காரணம். இத்தகைய வலியின் காரணமாக மணவாழ்க்கையே கசந்துபோய், குற்றம் முழுவதும் பெண்ணின் மீது சுமத்தப்பட்ட குடும்பங்களை நாமெல்லோரும் அறிவோம். அதற்குப் பின்னால் ஒரு தசைக்கோளாறு இருக்கக்கூடும் என்பதைத்தான் அறியவில்லை.

"பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்ற வார்த்தையை எமது தாய்மார் தங்கள் தாய்மாரிடமிருந்து கேட்டார்கள். தங்கள் பெண்பிள்ளைகளுக்கும் அதையே சொன்னார்கள். பலருக்கு வருகிறது என்ற அர்த்தத்தில் அது சரியானதே. அனுபவித்தே தீரவேண்டும் என்ற அர்த்தத்தில் அது முற்றிலும் தவறானது. பல்வலியும் பலருக்கு வருவதுதான். அதற்காக எவரும் முப்பத்தைந்து வருடங்கள் பல்வலியுடன் வாழ்வதில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த மகப்பேற்று மற்றும் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னல்ட் கேகல், இந்தத் தசைகளைப் படிப்படியாகப் பயிற்றுவித்துப் பலப்படுத்துவதன் மூலம் சிறுநீர்க்கசிவைக் குணப்படுத்தலாம் என்று விளக்கும் கட்டுரையை 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். தசை எந்தளவு சுருங்குகிறது என்பதை அளந்து பெண்ணுக்கே காட்டுகின்ற கருவி ஒன்றையும் அவர் உருவாக்கினார். அந்தப் பயிற்சிகள் இன்றும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றன. வடமராட்சிப் பெண்மணியின் கடிதம் எனது மேசைக்கு வந்தபோது அவரின் கேள்விக்கான பதில் உலகுக்குத் தெரியவந்து முப்பது வருடங்களுக்கும் மேலாகிவிட்டது என்பதே இதன் அர்த்தம்.

பயிற்சியின் பலன் குறித்து இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகின்ற கொக்ரேன் அமைப்பு 2018ஆம் ஆண்டில் 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடத்தப்பட்ட 31 ஆய்வுகளைப் பரிசீலித்தது. இருமல், தும்மலின்போது சிறுநீர் கசிகின்ற பெண்களில் பயிற்சி பெற்றவர்களில் 56 சதவீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினார்கள். பயிற்சி பெறாதவர்களில் அவ்வாறு கூறியவர்கள் 6 சதவீதத்தினர் மாத்திரமே. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கின்ற நைஸ் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், இத்தகைய கசிவுக்கு முதலாவது சிகிச்சையாக, குறைந்தது மூன்று மாதங்களுக்கு, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் இந்தத் தசைப் பயிற்சி வழங்கப்படவேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. தடவைக்கு எட்டுச் சுருக்கங்கள் வீதம் ஒரு நாளைக்கு மூன்று தடவைகள் என்பது அதன் குறைந்தபட்ச அளவு.

பயிற்சி இவ்வளவு இலகுவானதென்றால் இணையத்தில் பார்த்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமே, இதற்கென்று ஒரு நிபுணர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 47 பெண்களுக்கு இந்தத் தசைகளை எவ்வாறு சுருக்குவது என்று வாய்மொழியாக மாத்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்களைச் சோதித்துப்பார்த்தார்கள். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே சரியாகச் செய்தனர். நான்கில் ஒரு பங்கினர் செய்த விதம் கசிவை அதிகரிக்கக்கூடியதாக இருந்தது. மேலிழுக்க வேண்டியதை அவர்கள் கீழ்நோக்கி முக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத தசை என்பதால் தாங்கள் செய்வது தவறு என்பதை அவர்களால் அறியமுடியவில்லை. தசை ஏற்கெனவே இறுகிப்போயுள்ள பெண்ணோ அதை மேலும் இறுக்கிப் பயிற்சி செய்தால் வலி கூடவே செய்யும். அவருக்குத் தேவைப்படுவது தசையைத் தளர்த்தும் பயிற்சி.

இங்குதான் சிறப்புப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், அதாவது இயன்மருத்துவர் தேவைப்படுகின்றார். அவர் முதலில் செய்வது விசாரிப்பது. எப்போது கசிகிறது, எவ்வளவு நீர் அருந்துகிறீர்கள், எத்தனை தடவை மலசலகூடம் போகிறீர்கள், பிரசவங்கள் எப்படியிருந்தன என்று கேட்பார். சில நாட்களுக்கு அவற்றைக் குறித்துவருமாறும் கூறுவார். அதற்குப் பிறகு, பெண் சம்மதித்தால் மாத்திரம், கையுறை அணிந்த விரலால் உட்பரிசோதனை செய்து தசையின் பலத்தைக் கணிப்பார். வேண்டாம் என்று மறுக்கவும், இடைநடுவில் நிறுத்தச் சொல்லவும், கூட ஒருவர் இருக்கவேண்டும் என்று கேட்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு. வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் கருவியால் பார்க்கின்ற முறையும் இருக்கிறது. பின்னரே அந்தப் பெண்ணுக்குப் பொருத்தமான பயிற்சி தீர்மானிக்கப்படும். இருமல் வருவதற்கு ஒரு கணம் முன்னதாகத் தசையை இறுக்கிக்கொள்வது போன்ற சிறிய நுட்பங்களே சிலருக்குப் பெரிய விடுதலையைக் கொடுத்துவிடுகின்றன.

பிசியோதெரபி என்ற சொல்லை எமது மக்கள் போர்க்காலத்தில்தான் பரவலாக அறிந்துகொண்டார்கள் எனலாம். ஷெல்வீச்சிலும் மிதிவெடியிலும் கால்களை இழந்தவர்கள் மீண்டும் நடக்கப் பழகியதைக் கண்டவர்கள் நாம். அதனால், அந்தச் சிகிச்சையைக் காயப்பட்டவர்களுக்கும் பாரிசவாதம் வந்தவர்களுக்கும் உரியதாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றோம். பிரசவத்தில் கிழிந்த தசையும் காயம்தான் என்பது எமது சிந்தனையில் வருவதில்லை.

இந்தத் தொழிலின் பிறப்பே ஒரு கூச்சத்துக்கு எதிரான போராட்டம் என்பது பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபசாரம் நடப்பதாகப் பரபரப்பு எழுந்தது. பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையும் அதைப் பற்றி எழுதியது. உடம்பைத் தொட்டுச் சிகிச்சை செய்கின்ற பெண்கள் எல்லோரும் சந்தேகத்துடன் நோக்கப்பட்டனர். அந்த வேளையில்தான் நான்கு பெண்கள் சேர்ந்து 1894ஆம் ஆண்டில் பயிற்சியும் பரீட்சையும் ஒழுக்க விதிகளும் கொண்ட சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் பட்டய பிசியோதெரபிச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. அந்த நால்வரில் ஒருவரான ரோசலின்ட் பஜெட் தாதியாகவும் மருத்துவமாதுவாகவும் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஊர் என்ன சொல்லும் என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் இந்தத் தொழிலே வளர்ந்திருக்காது.

மௌனத்துக்குக் கொடுக்கப்படும் விலை கூச்சத்தோடு முடிந்துவிடுவதில்லை. சிறுநீர்க்கசிவுக்காகவும் உறுப்பு இறக்கத்துக்காகவும் செயற்கை வலை பொருத்தும் சத்திரசிகிச்சைகள் பெருமளவில் செய்யப்பட்ட பிரிட்டனில், வலை உடலுக்குள் அரித்துத் தாங்கமுடியாத வலியை ஏற்படுத்தியதாகப் பெண்கள் வருடக்கணக்காக முறையிட்டனர். கசிவுக்காக அந்த வலையைப் பயன்படுத்துவது 2018 ஜூலையில் இடைநிறுத்தப்பட்டது. 2020 ஜூலையில் வெளியான பரொனெஸ் கம்பர்லெஜின் விசாரணை அறிக்கை, பெண்களின் முறைப்பாடுகள் செவிமடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டமையைக் கடுமையாக விமர்சித்தது. உறுப்பு இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பின் வழியாகப் பொருத்தப்படும் வலைகளின் விற்பனையை அமெரிக்காவும் 2019 ஏப்ரலில் நிறுத்தியது. சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று நான் கூறவரவில்லை. சில பெண்களுக்கு அது அவசியமானதே. ஆனால், கத்திக்கு முன்னதாகப் பயிற்சி என்ற ஒழுங்கு தெரியாமல் எந்தப் பெண்ணும் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குச் செல்லக்கூடாது.

பிரான்ஸைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின்னரான இடுப்புத்தளப் பயிற்சி அங்கே தசாப்தங்களாக வழமையான பராமரிப்பின் ஒரு பகுதியாக இருக்கிறது. பத்து அமர்வுகள் எழுதிக்கொடுக்கப்படுகின்றன. மருத்துவமாதுவோ பிசியோதெரபிஸ்டோ அதை நடத்துகின்றார். செலவை சமூகக் காப்புறுதி ஏற்கிறது. வருத்தம் வந்த பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு போய்க் கேட்கவேண்டிய தேவை அங்கே இல்லை. தாயானவருக்குரிய வழமையான சேவையாகத் தரப்படுவதால் வெட்கத்துக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. எனது மருமகள் கூச்சமில்லாமல் பேசியதற்கு அவரது துணிச்சல் மாத்திரம் காரணமல்ல. அந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

பிரான்ஸிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் வாழ்கின்ற எமது மூத்த பெண்களின் நிலை வேறு. அந்தந்த நாட்டு மொழி தெரியாத தாயார், மகனை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகின்றார். மகனுக்கு முன்னால் இதைச் சொல்லமுடியாது. ஆகவே, "நாரி நோகுது" என்கிறார். வலிமாத்திரையுடன் வீடு திரும்புகின்றார். அக்காவும் பல வருடங்கள் அவ்வாறுதான் திரும்பினார். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப்பெறலாம். அது பெண்ணாக இருக்கவேண்டும் என்றும் கேட்கலாம். ஒன்ராறியோவில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் நிலையங்களிலேயே கிடைக்கிறது என்றாலும், வேலைத்தளக் காப்புறுதி உள்ள பிள்ளைகள் அது பெற்றோரையும் உள்ளடக்குகிறதா என்று விசாரித்துப்பார்ப்பது நல்லது. தாய்மாரை வைத்தியரிடம் அழைத்துச்செல்லும் பிள்ளைகள் ஐந்து நிமிடம் அறைக்கு வெளியே நிற்பது அதைவிடப் பெரிய உதவியாக இருக்கக்கூடும்.

எமது நாட்டுக்கு வருவோம். தாய்சேய் நலத்தில் இலங்கை பெருமைப்படக்கூடிய சாதனைகளைப் படைத்திருக்கிறது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு ஆரம்பிக்கப்பட்ட காலம் முதல் வளர்ந்துவந்த கட்டமைப்பின் காரணமாக, குடும்பநல மாது இன்றும் பிரசவித்த தாயின் வீடு தேடி வருகின்றார். 1996ஆம் ஆண்டு தொடக்கம் சுகவனிதையர் கிளினிக்குகளும் இயங்குகின்றன. தாயின் உயிரைக் காப்பாற்றுவதில் நாம் அயல்நாடுகள் பலவற்றை முந்திவிட்டோம். காப்பாற்றப்பட்ட தாய் அதற்குப் பிறகு எவ்வாறு வாழ்கிறாள் என்ற கேள்வியை நாம் போதியளவு கேட்கவில்லை. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபி பட்டப்படிப்பு இருக்கின்றபோதிலும், பெண்களின் இடுப்புத்தளச் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. தமிழில் பேசி விளங்கவைக்கக்கூடியவர்கள் அதிலும் குறைவு. மலைச்சரிவில் நாள்முழுவதும் கொழுந்துக்கூடை சுமக்கின்ற மலையகப் பெண்ணுக்கு இந்தச் சிகிச்சையின் பெயராவது எட்டியிருக்குமா?

அயலிலுள்ள நேபாளத்தில் கருப்பை இறக்கம் கிராமப்புறப் பெண்களின் பெருந்துயராக இருந்துவருகிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் அதைப் பெண்களின் இனப்பெருக்க சுகாதார உரிமை சம்பந்தப்பட்ட பிரச்சினையாக ஏற்றுக்கொண்டு அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது. இலங்கையைவிட வறிய ஒரு நாட்டில் நீதிமன்றத்தில் பேசப்பட்ட விடயத்தை நாம் வீட்டுக்குள் பேசுவதற்கே தயங்குகின்றோம்.

மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளியேற்றமும் உள்ள நாட்டில் இதுவா அவசரம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் மருந்தில்லாமல் மக்கள் பட்ட அவதியை நாமெல்லோரும் கண்டோம். அதனாலேயே சொல்கிறேன். டொலர் கொடுத்து இறக்குமதி செய்யவேண்டிய எதுவும் இந்தச் சிகிச்சைக்கு அடிப்படைத் தேவையல்ல. பயிற்றப்பட்ட ஒரு பெண், மறைப்புள்ள ஓர் அறை, சில மாதகாலப் பொறுமை, இவையே தேவை. வீடு தேடிச் செல்லும் குடும்பநல மாது, "இருமும்போது கசிகிறதா, பாரமாக இருக்கிறதா?" என்று இரண்டு கேள்விகளை வழமையாகக் கேட்கவும், ஆம் என்றால் எங்கே அனுப்புவது என்று அறிந்திருக்கவும் வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு பெண் இயன்மருத்துவராவது இதில் சிறப்புப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். இது பேராசையான கோரிக்கை அல்ல.

இது எமது பண்பாட்டுக்குப் பொருந்தாது என்ற வாதத்தையும் என்னால் ஏற்கமுடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கொடுத்து, வேது பிடித்துக் குளிக்கவார்த்து, முப்பத்தொரு நாட்கள் பத்தியம் காத்த சமூகம் எமது சமூகம். பிரசவித்த உடம்புக்குத் தனியான கவனிப்பு வேண்டும் என்பதை எமது பாட்டிமார் அறிந்திருந்தார்கள். ஆனால், தளர்ந்த தசை முப்பத்தோராம் நாளுடன் தேறிவிடுவதில்லை. அந்தப் பழைய கரிசனையை இன்னும் சில மாதங்களுக்கு நீட்டி, இன்றைய அறிவையும் அதனோடு சேர்த்துக்கொள்வது பண்பாட்டுக்கு எவ்வாறு விரோதமாகும்?

அக்கா எழுபது வயதைத் தாண்டியவர். மகளின் வற்புறுத்தலினால் பாரிஸில் சிகிச்சைக்குப் போனார். பூரணமாகக் குணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. முன்னரைப் போன்று இல்லை என்கிறார். கடந்த ஆவணியில் லா சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் புறப்பட்டபோது, வீதி முழுவதும் தேருக்குப் பின்னால் நடந்துபோய்வந்ததாகத் தொலைபேசியில் சொன்னார். அந்தத் தேர்த்திருவிழாவைப் பல வருடங்களாக அவர் வீட்டிலிருந்து படங்களில்தான் பார்த்துவந்தார்.

வடமராட்சிப் பெண்மணி உயிருடன் இருந்தால் அவருக்கு இப்போது எண்பது வயதளவில் இருக்கும். அவரது கேள்விக்கு இரண்டு வரிப் பதில் போதுமாக இருந்தது. இது துடக்கும் அல்ல, குற்றமும் அல்ல, தசையின் தளர்ச்சி; பயிற்சியினால் பெரும்பாலும் சீராக்கலாம் என்று பிரசுரித்திருக்கவேண்டும். அவருக்கு மாத்திரமல்ல, எழுதத் துணியாமல் அந்தப் பக்கத்தை வாரந்தோறும் தேடிப்பார்த்த மற்றப் பெண்களுக்கும் அது போய்ச்சேர்ந்திருக்கும். இன்று தமிழ்ப் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் இணையத்தளங்களிலும் ஆசிரியர்களாக இருக்கும் இளம் சகாக்களின் மேசைக்கும் அத்தகைய கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றை லாச்சிக்குள் போடவேண்டாம் என்பதே எனது வேண்டுகோள்.